தேநீருக்கு எத்தனை நிமிடம், கோப்பிக்கு எத்தனை நிமிடம்?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஊரில் போட்ட அதே தேயிலைத்தூளை இங்கே போட்டால் ஒரு நாள் வெறும் நிறத்தண்ணியாக இருக்கிறது, இன்னொரு நாள் நாக்கைப் பிடிக்கிறது. புதிதாக வாங்கிய பிரெஞ்சு பிரஸ்ஸில் (தூளை ஊறவைத்து, வலைவடியைக் கீழே அழுத்தி வடிக்கிற குவளை) கோப்பி சில நாள் புளிக்கிறது, சில நாள் கசக்கிறது. அம்மா கொடுத்துவிட்ட மல்லிக் கோப்பித்தூளை எவ்வளவு நேரம் ஊறவிடுவது என்றும் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் சரியான நேரம் என்ன?

அவசரமாக விடை வேண்டுமென்றால் இதோ. தூள் தேயிலைக்கு 2 முதல் 3 நிமிடம், உடைத்த இலைக்கு 3 முதல் 4, முழு இலைக்கு 5. பிரஸ் கோப்பிக்கு 4. அம்மாவின் கோப்பிக்கு ஊற 3, அடைய 2. ஆனால் இந்த எண்களை மட்டும் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த மாதமும் இதே கேள்வியோடுதான் இருப்பீர்கள். எத்தனை நிமிடம் என்பதைத் தீர்மானிப்பது தூளின் பருமன். எவ்வளவு சாயம் என்பதைத் தீர்மானிப்பது தூளின் அளவு. நம் வீடுகளில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். சாயம் போதவில்லை என்றால் இன்னும் இரண்டு நிமிடம் விடுகிறோம். அங்கேதான் பிழை. சாயம் கூட வேண்டுமென்றால் தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான்.

நான் கொழும்பில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தின் சுவைபார்க்கும் அறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். 1883 முதல் இந்த நகரத்தில் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு தேயிலையையும் முன்கூட்டியே ஊறவைத்துக் குடித்துப் பார்ப்பார்கள். நீண்ட மேசையில் வரிசையாக வெள்ளைப் பீங்கான் குவளைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி, பக்கத்தில் ஒரு கிண்ணம். சின்னத் தராசில் தேயிலையை நிறுத்துக் குவளையில் போட்டு, கொதிக்கிற தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி மூடுவார்கள். மணி அடித்ததும் குவளையை மூடியோடு கிண்ணத்தின் மேல் சாய்த்து வைப்பார்கள். குவளையின் விளிம்பில் பல்லுப் பல்லாக வெட்டு இருக்கும். அதன் வழியாகச் சாயம் மட்டும் கிண்ணத்தில் இறங்கும், இலை உள்ளேயே நிற்கும். அப்புறம் அந்த ஈர இலையைக் கவிழ்த்த மூடியின் மேல் தட்டி வைப்பார்கள், நிறமும் மணமும் பார்ப்பதற்கு.

இதற்கு உலகப் பொதுவான ஒரு தரமுறை உண்டு, ஐஎஸ்ஓ 3103 என்பது அதன் எண். 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். இதைக் கேட்டவுடன் பலர் "அப்படியென்றால் 6 நிமிடம்தானே சரி" என்பார்கள். இல்லை. அந்த ஆறு நிமிடம் குடிப்பதற்காக வைத்தது அல்ல. தேயிலையின் குறை ஒளிந்திருக்க இடம் கொடாமல் வெளியே இழுப்பதற்காக வைத்தது. வாட்டியது கூடிவிட்டதா, புளிப்பேறியதா, உலர்த்தும்போது கருகியதா என்பதெல்லாம் அவ்வளவு நேரம் ஊறினால்தான் துலக்கமாகத் தெரியும். வீட்டில் நாம் குறை தேடப் போவதில்லை, நல்லதை எடுத்துக்கொள்ளப் போகிறோம். அதனால் அதைவிட முந்தியே நிறுத்த வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு வரிசைக் குவளைகளை என் பொறுப்பில் விட்டார்கள். இடையில் தொலைபேசி வந்தது. திரும்பி வந்து சாய்த்தபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. மூத்தவர் வந்தார். முதல் கிண்ணத்தில் கரண்டியை விட்டு, சத்தமாக உறிஞ்சித் துப்பினார். இரண்டாவதையும் பார்த்தார். "இது இலையின் பிழை இல்லை. மூன்று நிமிடம் கூடுதலாக நின்றிருக்கிறது. எல்லாவற்றையும் திருப்பிப் போடுங்கள்" என்றார். கடிகாரத்தை அவர் பார்க்கவே இல்லை. நேரம் நாக்கில் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எப்படித் தெரியும்? தேயிலையில் உள்ளவை எல்லாம் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. மணமும் கஃபீனும் முந்திக்கொண்டு வரும். அப்புறம் தேநீருக்குச் செம்பொன் நிறத்தையும் நாக்கில் ஒரு சுறுசுறுப்பையும் கொடுக்கும் தியாஃபிளேவின்கள், கருஞ்சிவப்பையும் கனத்தையும் கொடுக்கும் தியாருபிஜின்கள். இவை எல்லாம் ஒன்று சேர்ந்து நிற்கிற ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அதைத் தாண்டினால் மணம் ஆவியோடு போய்க்கொண்டிருக்கும், கனத்த பொருள்கள் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நம் மொழியிலேயே நல்ல இரண்டு சொற்கள் இருக்கின்றன: துவர்ப்பு, கசப்பு. துவர்ப்பு என்பது நாவற்பழம் தின்றால், பாக்கு மென்றால் வருவது. நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் வாயூறும். நல்ல தேநீருக்கு அது கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும். கசப்பு வேறு. அது அடிநாக்கில் தங்கும், விழுங்கிய பிறகும் போகாது. துவர்ப்பு வந்து வாயூறி மறைந்தால் நேரம் சரி. துவர்ப்பு போகாமல் நின்று பின்னால் கசப்பும் வந்தால் நேரம் கூடிவிட்டது. துவர்ப்பே வராமல் மணம் மட்டும் இருந்தால் நேரம் காணாது. இதற்குக் கடிகாரம்கூடத் தேவையில்லை.

இனிப் பருமன். கடையில் வாங்கும் பைக்கட்டில் எழுத்துகள் போட்டிருக்கும். பெரும்பாலானோர் பார்ப்பதில்லை, தயவுசெய்து பாருங்கள். டஸ்ட் என்றால் மிக நுண்ணிய தூள். அதற்கு 2 நிமிடம், மிஞ்சினால் இரண்டரை. பிஓபிஎஃப் அதைவிடக் கொஞ்சம் பெரியது, ஏறக்குறைய 3 நிமிடம். பிஓபி என்பது உடைத்த இலை, கையில் எடுத்தால் கறுப்பு ரவை போலத் தெரியும். அதற்கு 3 முதல் 4 நிமிடம். ஓபி என்பது நீளமாகச் சுருண்ட முழு இலை, அது விரிவதற்கே நேரம் எடுக்கும், 5 நிமிடம் தாராளமாக விடலாம். சிடிசி என்று போட்டிருந்தால் இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய உருண்டை. சாயம் விறுவிறென்று இறங்கும், 2 முதல் 3 நிமிடம் போதும். தேநீர்ப் பைகளில் இருப்பது பெரும்பாலும் தூளும் துணுக்கும்தான். ஆகவே பையைக் கோப்பையிலேயே விட்டுவிட்டுக் கைத்தொலைபேசி பார்க்கிற பழக்கம் கூடாது. இந்த எழுத்துகள் பருமனைச் சொல்கின்றனவே தவிரத் தரத்தைச் சொல்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மட்டமான ஓபியும் உண்டு, அருமையான டஸ்டும் உண்டு.

விளைந்த இடமும் சேரும். நுவரெலியாத் தேயிலை மென்மையானது, நிறம் வெளிறியே இருக்கும். நிறம் வரவில்லையே என்று கூட நேரம் விட்டால் அதன் மலர்மணத்தைக் கொன்றுவிடுவீர்கள். காலி, மாத்தறைப் பக்கம் தாழ்நிலத்தில் விளைவது கறுத்த சாயம், கனமான உடம்பு. பாலுக்கு அதுதான் பொருத்தம்.

சரி, உங்களுடைய "வெறும் நிறத்தண்ணி" நாளுக்கு வருவோம். எனக்குச் சந்தேகம் சுடுதண்ணிப் போத்தலில்தான். கொழும்பில் பல வீடுகளில் காலையில் ஒருமுறை தண்ணீரைக் கொதிக்க வைத்துப் போத்தலில் ஊற்றிவிட்டு நாள் முழுக்க அதிலிருந்தே தேநீர் போடுகிறார்கள். பத்து மணிக்கு அந்தத் தண்ணீர் 80 பாகையளவில் நிற்கலாம். அதில் கறுப்புத் தேயிலை சரியாகச் சாயம் விடாது, பத்து நிமிடம் வைத்தாலும் விடாது. வைக்க வைக்கத் தட்டையான ஒரு கசப்பு மட்டும்தான் கூடும். கறுப்புத் தேயிலைக்குக் கொதித்துக்கொண்டிருக்கிற தண்ணீர் வேண்டும். போத்தல் தண்ணீர்தான் இருக்கிறதென்றால் கேத்தலில் ஊற்றி மறுபடி கொதிக்க விடுங்கள், அரை நிமிட வேலை. ஊற்றுகிற பாத்திரத்தையும் கொஞ்சம் கொதிநீர் விட்டு அலசிச் சூடாக்குங்கள். குளிர்ந்த பீங்கான் பாத்திரம் முதல் நிமிடத்திலேயே சூட்டை உறிஞ்சிவிடும். ஊறும்போது மூடி வையுங்கள்.

கடல்மட்டத்தில் இருக்கிற கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். அங்கே இருக்கிற உறவினர் வீட்டில் குடித்த தேநீரின் நேரத்தைக் கொண்டு வந்து இங்கே அப்படியே போட்டால் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அரை நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாக்கைப் பிடிக்கிற நாளுக்குக் காரணம் தண்ணீர். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் வன்னீர், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் தேநீர் கறுத்து மங்கலாக இருக்கும். ஆற விட்டால் மேலே எண்ணெய் போல ஓர் ஆடை படரும். அது அழுக்கு அல்ல, தண்ணீரில் உள்ள கல்சியமும் தேயிலையின் பொருள்களும் சேர்ந்து படிவது. வன்னீரில் தேயிலையின் துவர்ப்பு அடங்கியே தெரியும். அதனால் ஊரில் அம்மா கூடுதலாகத் தூள் போட்டு, கூடுதல் நேரம் விட்டுப் பழகியிருப்பார். கொழும்புக் குழாயில் வருவது களனி ஆற்றிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் எடுக்கிற மென்னீர். அதே தூளை அதே நேரம் விட்டால் நிறம் பளிச்சென்று வரும், துவர்ப்பும் முழுதாக வரும். உங்கள் கையிலோ தூளிலோ பிழை இல்லை. அம்மாவின் நேரத்திலிருந்து ஒரு நிமிடத்தை எடுத்துவிடுங்கள். ஊருக்குப் போனால் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பால் சேர்ப்பதென்றால் கணக்கு மாறும். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வெறும் தேநீராகக் குடிக்க முடியாத அளவு சாயம்தான் பால்தேநீருக்குச் சரியாக வரும். இங்கே ஒரு நிமிடம் கூடுதலாக விடலாம், ஆனாலும் முதலில் தூளைக் கூட்டுங்கள்: 100 மில்லிலீற்றருக்கு 3 கிராம், தூளாக இருந்தால் 3 முதல் 4 நிமிடம். பால்மா போடுகிறவர்கள் பால்மாவையும் சீனியையும் கோப்பையில் உலர்ந்தபடியே கலந்து, கொஞ்சம் சூடான சாயம் விட்டுக் குழைத்து, பிறகு மீதியை ஊற்றினால் கட்டி பிடிக்காது. தேத்தண்ணிக் கடையில் துணி வடியில் ஊற்றி ஊற்றி ஆத்துவதைப் பார்த்து வீட்டில் அப்படிச் செய்யப் போக வேண்டாம். அங்கே அதே தூளில் திரும்பத் திரும்பக் கொதிநீர் ஊற்றிச் சாயத்தைக் கடைசித் துளி வரை இழுக்கிறார்கள். ரின்பாலின் இனிப்பு அதைத் தாங்கும், உங்கள் பிளேன்ரீ தாங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள், நான் எழுதியதெல்லாம் பதினைந்து நிமிடத்தில் உங்கள் சொந்த அறிவாகிவிடும். ஐந்து கண்ணாடிக் கோப்பை எடுங்கள். ஒரு பாத்திரத்தில் 10 கிராம் தூள் போட்டு அரை லீற்றர் கொதிநீர் ஊற்றி மூடுங்கள். 2 நிமிடத்தில் கொஞ்சத்தை முதல் கோப்பையில் வடியுங்கள். அப்புறம் 3, 4, 6, 9 நிமிடங்களில் மற்றவை. ஒன்றிலும் சீனி போட வேண்டாம். கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் வரிசையாகக் குடியுங்கள், பிறகு திருப்பியும் குடியுங்கள். நாக்கைச் சுடுகிற சூட்டில் எந்தச் சுவையும் சரியாகத் தெரியாது. மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது ஒரு நல்ல மாற்றம் தெரியும். ஆறிலிருந்து ஒன்பதுக்குப் போகும்போது நிறம் பெரிதாக மாறாது, ஆனால் வாய் ஏற்காது. நிறத்தைப் பார்த்து நேரத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். எந்தக் கோப்பையை உங்களை அறியாமலே முடித்துவிட்டீர்களோ அதுதான் உங்கள் நேரம்.

நேரம் முடிந்ததும் வடித்துவிட வேண்டும், இலையோடு வைத்திருந்தால் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். வேலைக்குக் கொண்டு போவதானால் வடித்த சாயத்தை மட்டும் போத்தலில் ஊற்றுங்கள். நல்ல சாயம் ஆறியதும் அல்லது குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததும் பால் கலந்தது போல மங்கும். கெட்டுவிட்டது என்று ஊற்றிவிட வேண்டாம். கஃபீனும் தியாஃபிளேவினும் சேர்ந்து திரள்வது அது, சூடாக்கினால் தெளிந்துவிடும். சுவைபார்க்கிறவர்கள் அதை நல்ல அடையாளமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பச்சைத் தேயிலைக்கு 75 முதல் 80 பாகை, 2 நிமிடம். உங்கள் போத்தல் தண்ணீர் அதற்கு மிக நல்லது.

இனிக் கோப்பி. நம் மலைநாட்டில் முதலில் விளைந்தது கோப்பிதான். தேயிலை பின்னால் வந்தது. தென்னிந்தியாவிலிருந்து நம் மக்கள் பட்டினியோடு நடந்து வந்து காடு வெட்டியது கோப்பித் தோட்டங்களுக்காக. 1869இல் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தத் தோட்டங்கள் அழிந்தன. நோய் கண்டுபிடிக்கப்பட்டதற்கு இரண்டு ஆண்டு முன்னர்தான் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். இன்றைக்கும் மலைநாட்டுக் கோப்பிக்கொட்டை கிடைக்கிறது, அதை மதித்துப் போட வேண்டும் என்பது என் ஆசை.

கோப்பியிலும் அதே விதிதான்: முதலில் பருமன், பிறகு நேரம். முதலில் இறங்குவது புளிப்பு, அடுத்து இனிப்பு, கடைசியில் கசப்பு. புளித்த நாள் என்றால் நீங்கள் முந்தி நிறுத்திவிட்டீர்கள், அல்லது தூள் மிகப் பருமன், அல்லது தண்ணீர் சூடு காணாது. கசந்த நாள் அதற்கு நேர்மாறு. பிரஸ்ஸுக்குத் தூள் கல்லுப்புப் பருமனில் வேண்டும். அரை லீற்றர் தண்ணீருக்கு 30 கிராம். கேத்தல் கொதித்து நின்றதும் மூடியைத் திறந்து அரை நிமிடம் பொறுங்கள், 95 பாகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஊற்றியதும் தூள் பொங்கி மேலே தொப்பி போல நிற்கும், புதிதாக வறுத்தது என்றால் நன்றாகவே பொங்கும். 4 நிமிடத்தில் அந்தத் தொப்பியைக் கரண்டியால் உடைத்து, மேலே நிற்கும் நுரையை எடுத்துவிட்டு, மெதுவாக அழுத்துங்கள். அழுத்தும்போது கை பலம் கேட்டால் தூள் நுண்மை. தொப்பென்று இறங்கினால் பருமன். பிறகு எல்லாவற்றையும் உடனே கோப்பைகளில் ஊற்றிவிடுங்கள், பிரஸ்ஸில் மிச்சம் வைத்தால் அது ஊறிக்கொண்டே இருக்கும்.

ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருகிறது என்றால் நேரத்தில் கை வைக்க வேண்டாம், கோளாறு அரைப்பதில். மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவாகும், பாதி கட்டையாக நிற்கும். மாவு கசப்பைக் கொட்டும், கட்டை புளிப்போடு நின்றுவிடும். இரண்டு இரண்டு விநாடியாக விட்டுவிட்டு அரைத்து, மா அரிக்கிற அரிதட்டில் ஒருமுறை அரித்துவிடுங்கள். அடியில் விழுந்த மாவை எறிய வேண்டாம், அது கீழே சொல்லப்போகிற அம்மாவின் முறைக்கு ஆகும். அரைத்துத் தரும் கடையில் வாங்கினால் "பிரஸ்ஸுக்கு, பருமனாக" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நம் ஊர் வழக்கப்படி மாப்போலத்தான் அரைத்துத் தருவார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடதாசி வடியில் ஊற்றிப் போடுவதென்றால் மொத்தம் 3 நிமிடம், முதல் அரை நிமிடம் கொஞ்சத் தண்ணீரில் தூளை நனைத்துப் பொங்க விட வேண்டும். சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டு வரும் பில்டர் என்றால் சொட்டி முடிய 15 முதல் 20 நிமிடம், அவசரப்படுத்தக் கூடாது. பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கும் கோப்பிக்கு 12 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டிக்குள்.

கடைசியாக அம்மாவின் தூள். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து மாப்போல இடித்தது. அதனால்தான் பிரஸ்ஸில் போட்டால் அடைத்துக்கொள்ளும், அதில் போடவே வேண்டாம். சின்னப் பாத்திரத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொதிக்க விட்டு அடுப்பை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகுதான் தூள், இரண்டு தேக்கரண்டி. மல்லியும் வேர்க்கொம்பும் கொதிக்கக் கொதிக்க நல்லது, கோப்பி அப்படியல்ல, கொதித்தால் மணம் வீடு முழுக்கப் போய்விடும், கோப்பைக்குள் இருக்காது. ஒருமுறை கலக்கி மூடி 3 நிமிடம் வையுங்கள். பிறகு திறந்து, மேலே மிதக்கிற தூளைக் கரண்டியால் மெல்லத் தொட்டுவிட்டு, என் அம்மம்மா செய்வது போலப் பச்சைத் தண்ணீர் நாலு துளி தெளியுங்கள். இன்னும் 2 நிமிடத்தில் தூள் அடைந்துவிடும். பாத்திரத்தை ஆட்டாமல் தெளிவை மட்டும் கோப்பையில் இறுத்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடியுங்கள். அடியில் ஒரு விரல் அளவு மண்டி நிற்கும், அதைப் பாத்திரத்திலேயே விட்டுவிடுங்கள்.